வாரிசு இல்லாத சாக்லேட் முதலாளியும் அவர் எழுதிய அறக்கட்டளைப் பத்திரமும்

தன் சொத்தை நல்ல காரியத்துக்குக் கொடுக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. பணத்தை அப்படியே நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். இறந்த பிறகு போய்ச் சேரும்படி உயில் எழுதலாம். அல்லது உயிரோடு இருக்கும்போதே அறக்கட்டளை ஒன்றை நிறுவி அதன் பெயருக்குச் சொத்தை எழுதி வைக்கலாம். முதல் இரண்டும் எல்லோருக்கும் புரிந்தவை. மூன்றாவதுதான் குழப்பம் தருகிறது. சொத்து யாருடையது? அதை ஆள்வது யார், அனுபவிப்பது யார்? எழுதியவர் போய் ஐம்பது வருஷம் கழித்துக் காலம் மாறிவிட்டால் பத்திரத்தை யார் திருத்துவது?

இந்தக் கேள்விகள் எல்லாமே ஒருவருடைய சொத்தில் எழுந்து, நீதிமன்றம் வரை போய், விடையும் பெற்றிருக்கின்றன. அவர் அமெரிக்கச் சாக்லேட் தொழிலதிபர் மில்ட்டன் ஹெர்ஷி. அவருடைய குடும்பக் கதை தெரிந்தால்தான் பத்திரத்தில் ஏன் அப்படி எழுதினார் என்பது விளங்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

அப்பா, அம்மா, சித்தி, மனைவி

மில்ட்டன் 1857 செப்டம்பர் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் டெர்ரி பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். வீட்டில் பேச்சு ஜெர்மன் வழி வந்தது, சமயம் மென்னோனைட். ஆடம்பரத்தை ஒதுக்கி, உழைப்பையும் சிக்கனத்தையும் போற்றும் கிறித்தவப் பிரிவு அது. அம்மா ஃபேனி அந்த ஒழுங்கில் வளர்ந்தவர். அப்பா ஹென்றி நேர்மாறு. நிறையப் படிப்பார், பெரிய திட்டம் போடுவார். எண்ணெய்க் கிணறு முதல் பல தொழில்களில் இறங்கி ஒவ்வொன்றாக நட்டப்பட்டார். குடும்பம் ஊர் ஊராக இடம் மாறியதில் பையனின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. ஒரே தங்கை சின்ன வயதிலேயே ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு பெற்றோர் சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவு.

14 வயதில் லங்காஸ்டர் நகரில் ஜோசப் ராயர் என்ற மிட்டாய்க்காரரிடம் மில்ட்டன் தொழில் பழகச் சேர்ந்தார். 1876-இல் பிலடெல்பியாவில் சொந்தக் கடை போட்டார். ஆறு ஆண்டுகளில் அது முழுகியது. அப்பாவைத் தேடி டென்வர் போனார். அங்கேதான் புதுப்பால் சேர்த்து கேரமல் மிட்டாய் செய்யும் முறையைக் கற்றார். பிறகு நியூயார்க்கில் போட்ட கடையும் 1886-இல் மூடப்பட்டது. இத்தனை தோல்விக்கும் பணம் கொடுத்துத் தாங்கியவர் அம்மாவின் சகோதரி மேட்டி சித்தி. அம்மாவும் சித்தியும் கடைக்கே வந்து மிட்டாய்க்குத் தாள் சுற்றினார்கள்.

லங்காஸ்டருக்குத் திரும்பிப் பால் கேரமல் செய்ததில் காலம் மாறியது. ஆங்கிலேய இறக்குமதியாளர் ஒருவரின் பெரிய ஆர்டர் கைகொடுத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர லேமன் நிறுவனத்துச் சாக்லேட் இயந்திரங்களைக் கண்டு, அவற்றை வாங்கினார். 1900-இல் கேரமல் தொழிலை 10 லட்சம் டாலருக்கு விற்றவர், சாக்லேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1903-இல் பிறந்த ஊருக்கே வந்து தொழிற்சாலைக்கு அடித்தளம் போட்டார். 1905-இல் அது ஓடத் தொடங்கியது. சுற்றிலும் பால் பண்ணைகள் இருந்ததால் இடத்தேர்வு சரியாக அமைந்தது. அந்த ஊரின் பெயரே பின்னர் ஹெர்ஷி ஆனது.

1898 மே 25 அன்று, 40 வயதில், நியூயார்க்கில் கேத்தரின் சுவீனியை மணந்தார். அவர் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கப் பெண். மில்ட்டனைவிட ஏறக்குறைய பதினைந்து வயது இளையவர். மென்னோனைட் மாமியாருக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. கேத்தரினுக்கு நரம்பு நோய் வந்து படிப்படியாக நடமாட்டம் குறைந்தது. பிள்ளை பிறக்கவில்லை.

நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, ஊன்றி நிற்காத அப்பா, கைத்தொழில் பழகியதால் கிடைத்த வாழ்வு, வாரிசில்லாத செல்வம் ஆகிய நான்கும் 1909-இல் அவர் எழுதிய பத்திரத்தில் வரிக்கு வரி தெரிகின்றன.

பத்திரத்தில் என்ன இருக்கிறது

1909 நவம்பர் 15 அன்று மில்ட்டனும் கேத்தரினும் அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்தாலும் அதில் ஐந்து விஷயங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்தும் இதில் தெளிவாகவே இருக்கின்றன.

முதலாவது, நிறுவுபவர். இங்கே கணவன் மனைவி இருவரும்.

இரண்டாவது, சொத்து. தொடக்கத்தில் 486 ஏக்கர் பண்ணை நிலம். மில்ட்டன் பிறந்த வீடும் அதற்குள் அடக்கம். சொத்து இன்னது என்று எல்லையோடு குறிப்பிட்டு, உண்மையிலேயே கைமாற்ற வேண்டும். நிலம் என்றால் பதிவு அலுவலகத்தில் பெயர் மாற வேண்டும், பங்கு என்றால் நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டில் மாற வேண்டும். 'கொடுக்கப் போகிறேன்' என்று பத்திரத்தில் எழுதிவிட்டுச் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்திருந்தால் அந்த அறக்கட்டளை வெறும் தாள். புதிதாக அறக்கட்டளை தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பத்திரத்தைப் பக்குவமாக எழுதுவார்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவார்கள். இடையில் ஆள் இறந்துவிட்டால் சொத்து வாரிசுச் சட்டப்படி உறவினர்களுக்குப் போய்விடும்.

மூன்றாவது, அறங்காவலர். சட்டத்தின் கண்ணில் சொத்து இவர் பெயரில் இருக்கும். ஆனால் இவர் அதை அனுபவிக்க முடியாது. ஹெர்ஷி தனிமனிதர் யாரையும் நியமிக்கவில்லை. 1905-இல் தானே தொடங்கிய ஹெர்ஷி டிரஸ்ட் கம்பெனி என்ற நிறுவனத்தை அறங்காவலர் ஆக்கினார். தனிமனிதர் இறப்பார், மனம் மாறுவார், கடனாளி ஆவார். நிறுவனம் தொடர்ந்து இருக்கும். நீண்டகால அறக்கட்டளைக்கு இது நல்ல முடிவு. ஆனால் பள்ளியை நடத்தும் மேலாளர்களை அந்த டிரஸ்ட் கம்பெனியின் இயக்குநர்களிலிருந்தே எடுக்கும்படி ஏற்பாடு செய்தார். பணத்தை வைத்திருப்பவர்களும் செலவழிப்பவர்களும் ஒரே ஆட்கள் ஆனார்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் வாய்ப்பு இதனால் போயிற்று. இந்தப் பத்திரத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது எங்கள் கருத்து. பின்னாளில் வந்த தொல்லைகளில் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

நான்காவது, பயனாளி. ஏழ்மையான, உடல்நலமுள்ள, வெள்ளையின, ஆண், அனாதைப் பிள்ளைகள். சேர்க்கும்போது வயது 4 முதல் 8 வரை. முன்னுரிமை அக்கம்பக்கத்து டாஃபின், லங்காஸ்டர், லெபனான் ஆகிய மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவர்களுக்கு. அனாதை என்றால் அன்றைய பொருளில் தந்தையை இழந்த பிள்ளை. தாய் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான்.

ஐந்தாவது, நோக்கம். பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறைவிடம், பொதுக்கல்வி, அத்துடன் விவசாயமும் கைத்தொழிலும். எந்தச் சமயப் பிரிவின் போதனையும் கூடாது. பள்ளிக்கு முதலில் வைத்த பெயரே ஹெர்ஷி தொழிற்பள்ளி. 1910-இல் நான்கு சிறுவர்களோடு, மில்ட்டன் பிறந்த வீட்டிலேயே பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாகப் பண்ணை வீடுகளில் வளர்ந்தார்கள். பால் கறப்பதும் பாடத்தோடு சேர்ந்த வேலையாகப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

1909-இல் கொஞ்சம், 1918-இல் அத்தனையும்

1909-இல் அவர் கொடுத்தது நிலம் மட்டுமே. தொழில் அவர் கையில்தான் இருந்தது. கேத்தரின் 1915 மார்ச் 25 அன்று இறந்தார். மில்ட்டன் மறுமணம் செய்யவில்லை. 1918-இல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தில் தன்னிடம் இருந்த பங்குகளை அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுத்தார். மதிப்பு சுமார் 6 கோடி டாலர். இதை அவர் ஊருக்குச் சொல்லவில்லை. 1923-இல் செய்தித்தாளில் வந்தபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. அவர் இறந்தது 1945 அக்டோபர் 13 அன்று. ஆக, செல்வத்தைக் கொடுத்துவிட்டு 27 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதை உயிலில் எழுதியிருக்கலாமே என்று தோன்றும். உயிலை எழுதியவர் சாகும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். இறந்த பிறகு உறவினர்கள் 'சுயபுத்தியோடு எழுதவில்லை' என்று வழக்குப் போடலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடுத்த சொத்தில் அந்த வழக்குக்கு இடம் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், ஏற்பாடு ஓடுவதைக் கண்ணால் பார்த்துக் குறைகளைச் சரிசெய்ய எழுதியவருக்கே அவகாசம் கிடைக்கிறது. 1909-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் ஒருவகையில் சோதனை ஓட்டம். சிறு சொத்தோடு தொடங்கி, நிர்வாகம் தேறிய பிறகு பெருஞ்சொத்தைச் சேர்ப்பது இன்றைக்கும் கடைப்பிடிக்கத்தக்க முறை.

விலை என்னவென்றால், கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. திரும்பப் பெறும் உரிமையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதி வைக்காவிட்டால் அன்றைய பென்சில்வேனியாச் சட்டப்படி கொடுத்தது கொடுத்ததுதான். 1920-இல் சர்க்கரைச் சந்தை சரிந்தபோது இதன் கனம் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் பவுண்டுக்கு 22 சென்ட்டைத் தாண்டியிருந்த கியூபாச் சர்க்கரை, டிசம்பரில் 4 சென்ட்டுக்கும் கீழே போனது. கியூபாவில் ஆலை நடத்திய ஹெர்ஷி, விலை ஏறும் என்று நம்பி முன்கூட்டியே வாங்கியிருந்தார். நிறுவனம் பெரும் நட்டப்பட்டு வங்கிக் கடனில் சிக்கியது. அனாதைப் பிள்ளைகளின் சொத்து பெரும்பாலும் அந்த ஒரே நிறுவனத்தின் பங்காக இருந்தது. கடன் விரைவிலேயே அடைந்தது. ஆனாலும் பெருஞ்சொத்து ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து, தொடங்கிய சில வருஷங்களிலேயே முகம் காட்டிவிட்டது.

காவலுக்குக் காவல்

குடும்ப அறக்கட்டளையில் பயனாளி பெயர் சொல்லி இருப்பார். அறங்காவலர் தவறு செய்தால் வழக்குப் போடுவார். தரும காரிய அறக்கட்டளையில் அப்படி இல்லை. 'ஏழைப் பிள்ளைகள்' என்றால் எந்தப் பிள்ளை? இன்னும் பிறக்காத பிள்ளைகளும் அதில் அடக்கம். அதனால் அவர்கள் சார்பில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் நிற்கிறார். பென்சில்வேனியாவில் அறக்கட்டளை, உயில், மைனர் சொத்து வழக்குகளை விசாரிப்பதற்கென்றே 'அனாதைகள் நீதிமன்றம்' என்ற பிரிவு உண்டு. ஹெர்ஷி அறக்கட்டளை டாஃபின் கவுண்டியில் உள்ள அந்த நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருக்கிறது.

அங்கே படித்து வளர்ந்த பழைய மாணவர்கள் வழக்குப் போடலாமா? போட்டுப் பார்த்தார்கள். பழைய மாணவர் சங்கத்துக்கு அந்த உரிமை இல்லை என்று 2006-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அக்கறை இருப்பது வேறு, சட்ட உரிமை இருப்பது வேறு. இந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பள்ளியை உள்ளே இருந்து அறிந்தவர்களின் குரல் நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு.

எங்கே சிக்கல் வந்தது, ஏன்

முதல் சிக்கல் சொற்களில். 'வெள்ளையின, ஆண், அனாதை' என்ற தகுதி ஹெர்ஷியின் சொந்தக் கற்பனை அல்ல. 1831-இல் இறந்த பிலடெல்பியாச் செல்வர் ஸ்டீபன் ஜிரார்ட் தன் உயிலில் இதே தகுதிகளோடு அனாதைப் பள்ளி ஏற்படுத்தியிருந்தார், அதுவே முன்மாதிரி. ஜிரார்ட் பள்ளியின் அறங்காவல் பிலடெல்பியா நகர நிர்வாகத்தைச் சேர்ந்த வாரியத்திடம் இருந்தது. அரசு அமைப்பு நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளைத் தள்ளுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1957-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. உடனே தனியார் அறங்காவலர்களை நியமித்துப் பார்த்தார்கள். அந்த வழியும் நீதிமன்றத்தில் அடைபட்டது. 1968-இல் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். ஹெர்ஷி பள்ளியும் 1960-களின் இறுதியில் 'வெள்ளையின' என்ற சொல்லைக் கைவிட்டது. 1970-களின் நடுவில் பெண்பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. அனாதை என்ற சொல்லின் வரையறையும் விரிந்து, பெற்றோரிடமிருந்து போதிய பராமரிப்புக் கிடைக்காத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. தகுதியை இறுக்கமாக எழுதியதன் விளைவு, ஒவ்வொரு சொல்லையும் தளர்த்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பணம் மிஞ்சிப் போனது. சாக்லேட் வருமானம் பெருகிய வேகத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகவில்லை. இப்படிப்பட்ட நிலைக்குச் சட்டத்தில் 'சை பிரே' என்ற கோட்பாடு உண்டு. எழுதிய நோக்கத்தை அப்படியே நிறைவேற்ற முடியாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய இன்னொரு நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம். 1963-இல் இதைக் காட்டி 5 கோடி டாலரை எடுத்து, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஹெர்ஷி ஊரில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டக் கொடுத்தார்கள். நல்ல மருத்துவமனைதான்; சந்தேகமில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகளை வளர்ப்பதற்கு 'மிக நெருங்கிய' காரியம் மருத்துவக் கல்லூரியா? இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கலாம் என்ற வாதம் இன்றும் வலுவாகவே நிற்கிறது.

1999-இல் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்க இதே கோட்பாட்டைக் காட்டி அனுமதி கேட்டபோது நீதிபதி வாரன் மார்கன் மறுத்துவிட்டார். பள்ளியின் அசல் வேலையையே விரிவாகச் செய்ய வழி இருக்கும்போது வேறு நோக்கம் எதற்கு என்பதே சாரம். 'சை பிரே' கோரிக்கை எங்கே தோற்கும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. பணம் அதிகம் என்று காட்டினால் போதாது. மூல நோக்கம் நிறைவேற்ற முடியாதது என்று காட்ட வேண்டும்.

மூன்றாவது, எல்லா முட்டைகளும் ஒரே கூடையில். அறங்காவலர் சொத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட வேண்டும் என்பது பொது விதி. ஹெர்ஷி அறக்கட்டளையிலோ பாதிக்கு மேற்பட்ட செல்வம் ஒரே நிறுவனத்தின் பங்கில் இருந்தது. 2002 கோடையில் அறங்காவலர்கள் நிறுவனத்தை விற்க முன்வந்தார்கள். ரிக்லி நிறுவனம் 1,250 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. நெஸ்லேயும் கேட்பரியும் சேர்ந்து இன்னொரு விலை கேட்டன. ஊர் கொதித்து எழுந்தது. தொழிலாளர்களும் பழைய மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். தலைமை வழக்கறிஞர் மைக் ஃபிஷர் தடை கேட்க, நீதிபதி மார்கன் தடை விதித்தார். செப்டம்பர் 17 அன்று அறங்காவலர்கள் 10-க்கு 7 என்ற வாக்கில் விற்பனையைக் கைவிட்டார்கள்.

இங்கே சட்டக் கேள்வி உண்மையிலேயே கடினமானது. அறங்காவலரின் கடமை பயனாளிகளுக்கு மட்டும் என்றால், நல்ல விலைக்கு விற்பதே பிள்ளைகளுக்கு நல்லது. ஊரின் வேலைவாய்ப்பும் எண்ணப்பட வேண்டும் என்றால் கணக்கு மாறும். அந்த ஆண்டின் இறுதியிலேயே மாநிலச் சட்டமன்றம் இரண்டாவது பக்கம் சாய்ந்து, இப்படிப்பட்ட விற்பனைக்கு முன்கூட்டியே அறிவிப்பும் நீதிமன்றத்தின் பார்வையும் வேண்டும் என்று சட்டம் செய்தது. 2016-இல் மாண்டலீஸ் என்ற தின்பண்ட நிறுவனம் 2,300 கோடி டாலருக்குக் கேட்டபோதும் விற்பனை நடக்கவில்லை.

நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் பாதிக்குக் குறைவானதை வைத்துக்கொண்டே அறக்கட்டளை எப்படி அதைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பங்குகள் இரண்டு வகை. சாதாரணப் பங்குக்கு 1 வாக்கு, 'பி' வகைப் பங்குக்கு 10 வாக்கு; 'பி' வகை ஏறக்குறைய முழுவதும் அறக்கட்டளையிடம். ஒரு நிறுவனத்தில் மொத்தம் 100 பங்கு, அதில் 30 'பி' வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பி' வகைக்கு 300 வாக்கு, மீதி 70-க்கு 70 வாக்கு. 370-இல் 300, அதாவது 81 சதவீதம். பங்கு முப்பது, அதிகாரம் எண்பதுக்கு மேல்.

நான்காவது, அறங்காவலர்களே. ஒரே குழு எல்லா நாற்காலியிலும் அமர்ந்தால் சம்பளமும் பதவிக்காலமும் கேள்விக்குள்ளாகும். தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2013-லும் 2016-லும் குழுவோடு சீர்திருத்த ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. உறுப்பினர் ஊதியத்துக்கு உச்சவரம்பும் பத்தாண்டுப் பதவிக்கால வரம்பும் அவற்றில் முக்கியமானவை. இவை 1909 பத்திரத்திலேயே இருந்திருக்க வேண்டிய இரண்டு வரிகள்.

பத்திரம் கையில் கிடைத்தால்

அறக்கட்டளைப் பத்திரம் எதைப் படித்தாலும், நோக்கப் பகுதியின் அழகான சொற்களில் நின்றுவிடாமல் பின்பக்கங்களுக்குப் போக வேண்டும். அறங்காவலர் காலியானால் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது யார்? மிச்சமிருக்கும் அறங்காவலர்களே என்றால், வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லை. மூலதனத்தைத் தொடலாமா, வருமானத்தை மட்டும்தான் செலவிடலாமா? வருமானம் மிஞ்சினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? குறிப்பிட்ட சொத்தை விற்கக் கூடாது என்ற தடை உண்டா, விற்கலாம் என்ற அனுமதி உண்டா? கணக்கை வெளியார் தணிக்கை செய்ய வேண்டுமா? பயனாளியின் தகுதியைத் திருத்த யாருக்கு அதிகாரம்? இவற்றில் எது விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் பிற்பாடு வழக்கு வரும்.

மில்ட்டன் ஹெர்ஷி பள்ளி என்று 1951-இல் பெயர் மாறிய அந்தப் பள்ளியில் இப்போது 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கட்டணம் எதுவும் இல்லாமல் தங்கிப் படிக்கிறார்கள். அறக்கட்டளையின் சொத்து ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மிஞ்சும் பணம் பற்றிய கேள்வி அதனால் ஓயவில்லை. 2020-இல் நீதிமன்ற அனுமதியோடு, 35 கோடி டாலரில் பென்சில்வேனியாவில் ஆறு மழலையர் மையங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. பிறந்தது முதல் 5 வயது வரையுள்ள ஏழைக் குழந்தைகளுக்கானது. 4 வயதுக்குக் கீழே இறங்கியதால் மூலப் பத்திரத்தின் எல்லையைத் தாண்டுகிறது. ஏழைப் பிள்ளைகளின் வளர்ப்பு என்பதால் நோக்கத்தை ஒட்டியே நிற்கிறது. 1963-இன் மருத்துவக் கல்லூரியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'மிக நெருங்கிய நோக்கம்' என்பதை எப்படி அளப்பது என்று விளங்கும். இந்த மையங்களுக்கு கேத்தரின் ஹெர்ஷியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.